குசினிச் சுவருக்கு அந்தப்பக்கம்

"அத்தான், உங்கடை கப்பல் இஞ்சை நிக்குது."

குணம் டெலிபோனில் இப்படிச் சொன்னபோது நான் நம்பவில்லை. என் கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போன அன்று திருகோணமலைக் கரையில் நின்று பார்த்தவன் நான்.

குணம் என் மனைவி தவமணியின் தம்பி. ஜெர்மனியில் பீலெஃபெல்ட் என்ற ஊரில் இருக்கிறான். பெரிய பேக்கரி ஒன்றில் வேலை. அவன் வீட்டுச் சுவரில் என் படம் ஒன்று தொங்குகிறது. வெள்ளைக் கப்பலின் கம்பியில் சாய்ந்துகொண்டு, சாரத்துக்கு மேல் ஏப்ரன் கட்டி, நான் நிற்கிற படம். அவனோடு வேலை செய்கிற ஜெர்மன்காரர் ஒருவர் சாப்பிட வந்தாராம். கோப்பையோடு எழும்பிப் போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாராம். "இது எங்கள் ஊர்க் கப்பல். சின்ன வயதில் இதில்தான் தீவுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடுவோம்" என்றாராம்.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ஒரே பட்டறையில் ஒரே அச்சாக இரண்டு கப்பல் கட்டியிருக்கிறார்கள். ஒன்று அந்த ஊரிலேயே நின்று இப்போது மியூசியமாக இருக்கிறது. மற்றது கைமாறிக் கைமாறி எங்கள் கடலுக்கு வந்தது. நான் குசினியில் சமையற்காரனாக இருந்தது அதில்.

எங்கள் கப்பலின் வேலையைச் சொல்ல வேண்டும். சண்டைக் காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை. வெளிநாட்டு உதவிக்காரர் அந்தப் பழைய கப்பலை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, பருத்தித்துறையில் காயக்காரரையும் நோயாளிகளையும் ஏற்றித் திருகோணமலையில் இறக்கினார்கள். கரைக்குக் கிட்டக் கப்பல் வராது. வள்ளத்தில் கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரோடு தூக்க வேண்டும். தூக்கும்போது நானும் குசினியை விட்டு வந்து பிடிப்பேன்.

ஏற்றி முடிந்ததும் ஒரு கரைச்சல் தொடங்கும். கப்பல் தெற்கே போகும். படுக்கைகளின் தலைமாடு கப்பலின் பின்பக்கம், அதாவது வடக்கே. எங்கள் ஆட்கள் வடக்கே தலை வைப்பார்களா? கூட வந்த சொந்தக்காரர் சத்தம் போடுவார்கள். "வடக்கை தலை வைச்சா எழும்புற ஆளும் எழும்பாது, திருப்பிக் கிடத்துங்கோ!" வெள்ளைக்கார நேர்ஸ் முதலில் மறித்துப் பார்த்தா. பிறகு அவவும் விட்டுவிட்டா. தலைமாட்டில் காலும் கால்மாட்டில் தலையுமாகத்தான் எங்கள் கப்பலில் எல்லாரும் கிடந்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

தவமணியும் ஒருமுறை அந்தக் கப்பலில் வந்தாள். வயிற்றில் ஷெல் துண்டு. வள்ளத்தில் கிடந்த ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கக் குனிந்தபோதுதான் அவளைக் கண்டேன். குசினிச் சுவரோடு ஒட்டிய கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்கினேன். அந்தச் சுவர் சூடாக இருக்கும். அவளுக்குக் குளிரக்கூடாது என்று நினைத்தேன். கப்பல் நிறையச் சனம். கஞ்சி காய்ச்ச வேண்டும். போய்ப் போய்ப் பார்த்தேன். கடைசியாகக் கஞ்சிக் கோப்பையோடு போனபோது அவள் போய்விட்டாள்.

பக்கத்துப் படுக்கை மனுசி பிறகு என்னிடம் சொன்னா. "காலாலை சுவரிலை எதையோ அமத்தி அமத்திக்கொண்டு கிடந்தவ. என்ன பிள்ளை எண்டு கேட்டன். கதைக்கேல்லை."

இதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. குணம் அப்போதே ஜெர்மனியில். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனவன். ஒவ்வொரு டெலிபோனிலும் கேட்பான். "அக்கா கடைசியா என்ன கேட்டவ அத்தான்?"

அதே அச்சுக் கப்பல் என்றால் அதே படுக்கையும் இருக்கும். அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். சமாதானப் பேச்சு நடந்த வருசங்கள் அவை. போனேன்.

பீலெஃபெல்டில் வைகாசி மாதமும் குளிர்ந்தது. குணத்தின் மனைவி மலர் எனக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுவிட்டாள். அதற்கு மேல் குணத்தின் பழைய கோட். கண்ணாடியில் பார்த்தேன். யாரோ பெரிய உத்தியோகக்காரர் மாதிரி இருந்தது.

குணம் வேலை முடிந்து விடிய வருவான். பையில் பாண், பணிஸ் எல்லாம் இருக்கும். இந்த ஊருக்குப் பாண் சுடுகிறவன், வீட்டுக்கு வந்து புட்டுத்தான் சாப்பிடுகிறான். கேட்டேன். "பாண் மணந்து மணந்து வயிறு நிரம்பிப் போச்சு அத்தான்" என்றான். இங்கத்தைப் பாண் கறுப்பு. கல்லு மாதிரிக் கனம். வெட்ட அரிவாள் மாதிரி ஒரு கத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் மென்று மென்று சாப்பிட்டால் ருசி வருகிறது. எங்கள் ரோஸ் பாண் வாயில் போட்டதும் கரைந்துவிடும். இது ஆளை வேலை வாங்குகிறது.

சந்தையில் ஒரு வெள்ளைத் தடி கண்டேன். விரல் மொத்தம், சாண் நீளம். கட்டுக் கட்டாக அடுக்கி, அதைச் சுற்றிச் சனம். நிலத்துக்குக் கீழே வெயில் படாமல் வளர்கிற மரக்கறியாம். இந்த மாதத்தில் மட்டும்தான் வருமாம். மலர் அதைத் தோல் சீவி, முருங்கைக்காய் வைக்கிற மாதிரித் தேங்காய்ப்பாலில் வைத்தாள். பாவமில்லை, சாப்பிடலாம். கடுகு கொஞ்சம் கூடத் தாளித்திருக்கலாம். சொல்லவில்லை.

இந்த ஊரில் சத்தம் இல்லை. நாய் கூடக் குரைக்க யோசிக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் யோசிக்காமல் பல்கனியில் நின்று பெரிதாகச் செருமிவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் மூடிற்று.

"எல்லாத்துக்கும் டெர்மின் எடுக்கோணும் அத்தான்" என்றான் குணம். டெர்மின் என்றால் நாள் நேரம் குறித்து வாங்குவது. "டொக்டருக்கு டெர்மின். தலைமயிர் வெட்ட டெர்மின். இஞ்சை சாகிறதெண்டாலும் டெர்மின் எடுத்துப்போட்டுத்தான் சாகோணும்."

"அப்ப செருமுறதுக்கு?" என்றேன்.

மலர் அடுப்படியில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு தவமணியின் சிரிப்பு மாதிரி இல்லை. வீட்டில் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டு நாளாகிவிட்டது. அதனால் திரும்பிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். மலர் கட்டித் தந்த பார்சலில் புட்டும், அவித்த முட்டையும், மாசிச் சம்பலும். "ரயிலிலை திறந்து மானத்தை வாங்காதேங்கோ" என்று குணத்துக்குக் கட்டளை. ஹாம்பேர்க்கில் இறங்கி வேறு ரயில் மாறினோம். அந்த ஸ்டேசன் ஒரு சந்தை. மேலே கூரை, கீழே ஓட்டம். எல்லாருடைய கையிலும் ஏதோ தின்கிற சாமான்.

எங்கள் பக்கத்தில் ரயில் இல்லை. தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கருக்குப் போட்டாயிற்று. சிலிப்பர் கட்டை ஒன்று எங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் கிடக்கிறது. ஆகவே ரயிலில் போவதே எனக்குச் சந்தோசம். ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு போனேன். பெரிய பெரிய மஞ்சள் தோட்டங்கள். கடுகு பூத்த மாதிரி இருந்தது. அது எண்ணெய்க்குப் போடுகிற பயிராம்.

டிக்கெட் பார்க்க ஒரு பெண் வந்தா. குணத்தின் டிக்கெட்டைப் பார்த்தா. ஜன்னலுக்கு வெளியே பார்த்தா. திரும்ப டிக்கெட்டைப் பார்த்தா. பிறகு மெதுவாக ஏதோ சொன்னா. குணத்தின் முகம் கறுத்தது.

"என்னவாம்?"

"ரயில் ரெண்டாப் பிரிஞ்சிட்டுதாம் அத்தான். முன்பெட்டியள் கடற்கரைக்குப் போட்டுதாம். நாங்கள் பின்பெட்டியிலை இருக்கிறம்."

"இது எங்கை போகுது?"

"தெரியேல்லை."

ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்று நான் எங்கே கண்டேன்? குணம் கண்டிருக்க வேண்டும். "எத்தினை வருசமா இஞ்சை இருக்கிறாய்?" என்று கேட்டேன். டிக்கெட் பெண் எனக்காகப் பரிதாபப்பட்டு ஒரு இனிப்புத் தந்தா. குணத்துக்குத் தரவில்லை.

அடுத்த ஸ்டேசனில் இறங்கினோம். இருக்க ஒரு வாங்கு, ஒரு மணிக்கூடு, சுற்றி மஞ்சள் தோட்டம். திரும்பிப் போகிற ரயிலுக்கு வெகுநேரம் இருந்தது. இனி மானத்துக்கு என்ன என்று பார்சலைத் திறந்தோம். வாங்கின் மற்றத் தொங்கலில் ஒரு வயதான அம்மா சைக்கிளோடு இருந்தா. மணம் பிடித்துத் திரும்பினா. நான் சம்பலோடு கொஞ்சம் புட்டு நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டா. கண்ணால் தண்ணீர் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னா.

"என்ன சொல்லுறா?"

"இது சாப்பாடோ தண்டனையோ எண்டு கேக்கிறா."

"ரெண்டும் எண்டு சொல்லு."

குணம் சொன்னான். அவ பெரிதாகச் சிரித்தா. இன்னும் கொஞ்சம் தாங்கோ என்று கை நீட்டினா. எங்கே போகிறோம் என்று கேட்டா. கப்பல் பார்க்க என்றதும், "அந்தப் பழைய கப்பலா? எங்கள் கல்யாணம் முடிந்து முதல் பயணம் அதில்தான் போனோம். அவருக்கு வாந்தி" என்று குணத்திடம் சொன்னா. அவர் இப்போது இல்லையாம். அதைச் சொல்லும்போதும் சிரித்தா.

அந்தத் துறைமுக ஊரின் பேரைக் குணம் பலமுறை சொல்லித் தந்தான். என் வாயில் அது ஏறவில்லை. போய்ச் சேரும்போது பின்னேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் வெளிச்சம் போகவில்லை. இந்த நாட்டில் இந்த மாதம் சூரியன் போக மனமில்லாமல் நிற்கிறது.

மீன்கடைத் தெருவால் திரும்பினோம். நான் நின்றுவிட்டேன்.

அங்கே நின்றது. அதே மூக்கு. அதே புகைக்குழாய், கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்தபடி. அதே வட்ட ஜன்னல்கள். எங்களதில் அடித்த பெயின்டுக்கு மேல் அடித்த பெயின்டு. இது கழுவித் துடைத்து, பித்தளை மினுங்க நின்றது. எங்கள் கப்பல் கல்யாணப்பெண்ணாக இருந்த காலத்தில் இப்படி இருந்திருக்கும்.

"அத்தான்" என்று குணம் கூப்பிட்டான். "ஏதும் செய்யுதோ?"

"இல்லை."

ஏறுகிற பலகைக்குக் குறுக்கே சங்கிலி. பக்கத்தில் அறிவித்தல். குணம் வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"இண்டைக்குப் பூட்டியாச்சு. நாளைக்குத் திங்கள். திங்கள் திறக்க மாட்டினமாம்."

அவனுக்குத் திங்கள் இரவு வேலை. லீவு தரமாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தான். நான் புதன்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் இருவரும் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தாண்டலாம். சின்னச் சங்கிலி. "ஏலாது அத்தான், பொலிஸ் வரும்" என்று நான் கேட்காமலே குணம் சொன்னான்.

மீன்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்தோம். கீழே கடையில் பணிஸுக்குள் மீன் வைத்து விற்றார்கள். சமைக்காத மீன். வினாகிரியில் ஊறவைத்து, வெங்காயம் போட்டது. குணம் மூக்கைச் சுளித்தான். நான் இரண்டு சாப்பிட்டேன். கடல் ஊர் ஆட்களுக்கு மீனை எப்படி வைத்தாலும் கேடு வராது என்று தெரிந்திருக்கிறது. கடல்காகங்கள் வந்து கையில் இருப்பதைப் பறிக்கின்றன. அதில் மட்டும் எங்கள் காகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

திங்கள் காலை வெள்ளனப் போனோம். கப்பலின் மேல்தட்டில் ஒரு கிழவர் எண்ணெய்ப் போத்தலோடு நின்றார். கம்பளித் தொப்பி. வாயில் பற்றவைக்காத சுருட்டு. குணம் கீழே நின்று கதைத்தான்.

கிழவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார்.

"திங்கள் எண்டா திங்களாம்" என்றான் குணம்.

"திரும்பக் கேள்."

கேட்டான். தூர இருந்து வந்தோம் என்றான். ரயில் பிரிந்ததைச் சொன்னான். கிழவர் எண்ணெய் விட்டுக்கொண்டே தலையாட்டினார். எல்லாரும் தூர இருந்துதான் வருகிறார்கள் என்றாராம். நாளைக்கு வாருங்கள் என்றாராம்.

நான் கோட்டுக்குள் இருந்து அந்தப் படத்தை எடுத்தேன். குணத்தின் சுவரில் இருந்து கழற்றிக்கொண்டு வந்தது. கையை உயர்த்திக் காட்டினேன். கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து சங்கிலிக்கு மேலால் படத்தை வாங்கினார். முதலில் என்னைப் பார்க்கவில்லை. படத்தில் கம்பியைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் தெரிகிற வெள்ளை வளைவைப் பார்த்தார். பெருவிரலால் தடவினார்.

"இது எங்கே?" என்று கேட்டார்.

"திருகோணமலை" என்றேன். அவருக்கு அது எங்கே என்று தெரியாது. எனக்கும் அவருடைய ஊரின் பேர் சொல்லத் தெரியாது. கிழவர் சங்கிலியைக் கழற்றினார்.

அவர் பேர் யான்சன். சின்ன வயதில் அந்தக் கப்பலில் கயிறு பிடித்தவர். பிறகு கரையில் மின்சார வேலை. இப்போது சும்மா வந்து இதைப் பார்த்துக்கொள்கிறார். நடந்துகொண்டே கதை சொன்னார். குணம் பின்னால் வந்து தமிழாக்கினான். முதலில் இரண்டு கப்பலும் கோடை காலத்தில் குளிக்கப் போகிற சனத்தை ஏற்றியவை. பாட்டும் பீரும். பெரிய யுத்தம் வந்ததும் கடற்படை பிடித்துக்கொண்டது. கதிரைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் படுக்கைகள் போட்டார்கள். கிழக்கே தோற்றுக்கொண்டிருந்த சண்டையில் காயப்பட்டவர்களை இந்தக் கடலால் ஏற்றினார்கள். படுக்கைக்கு இடம் போதாமல் படியிலும் கிடத்தினார்களாம். யுத்தம் முடிந்ததும் வென்றவர்கள் ஒன்றைக் கொண்டுபோனார்கள். மற்றது இங்கே மிஞ்சியது.

"கொண்டுபோன கப்பல் என்னவானது என்று இந்த ஊரில் எவருக்கும் தெரியாது" என்றார். "எங்கேயோ வெயில் நாட்டில் சனத்தை உல்லாசமாக ஏற்றிக்கொண்டு திரியும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்."

குணம் என்னைப் பார்த்தான். "சொல்லட்டோ?"

"சொல்லு."

குணம் சொன்னான். பருத்தித்துறையைச் சொன்னான். வள்ளத்தைச் சொன்னான். கிழவர் படியில் பாதியில் நின்று கேட்டார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அது பாவம்" என்றார். "திரும்பவும் அதே வேலைக்கா போனது?"

பிறகு குசினியைத் திறந்தார்.

அதே அடுப்பு. அதே இரும்புக் கதவு, அதில் அதே எழுத்துகள். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாமலே வருசக்கணக்காகத் துடைத்திருக்கிறேன். கை தானாகக் கொழுக்கியைப் பிடித்து உயர்த்தித் திறந்தது. அது நேராக இழுத்தால் வராது. கிழவர் "ஆ!" என்றார். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் நேராக இழுப்பார்களாம்.

"என்ன சமைத்தாய்?" என்று கேட்டார்.

"கஞ்சி. அரிசிக் கஞ்சி. தேங்காய்ப்பாலும் உப்பும்."

"இதில் ரவைக் கஞ்சி காய்ச்சினார்களாம். உப்பு இருந்தால் உப்பு."

அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு மரப் பலகை. அதில் சின்னச் சின்ன ஜன்னல் மாதிரி வரிசை. கீழே ஒரு கொழுக்கி. எங்களதிலும் அது இருந்தது. பெயின்டு அடித்து அடித்து ஜன்னல் எல்லாம் மூடிப்போய் இருந்தது. அந்தக் கொழுக்கியில்தான் என் அகப்பையைத் தொங்கவிடுவேன். இதிலும் யாரோ ஒரு அகப்பை தொங்கவிட்டிருந்தார்கள். நான் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. குசினியில் சும்மா கையோடு நின்று பழக்கமில்லை.

"படுக்கை எங்கை எண்டு கேள்" என்றேன். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கச் சொன்னேன்.

வெளியே போய் இடப்பக்கம் திரும்பி, ஒரு உயர்ந்த வாசற்படி தாண்டினோம். யுத்தகாலத்தில் இருந்த மாதிரியே அந்த அறையை வைத்திருக்கிறார்கள். மேலும் கீழுமாகப் படுக்கைகள். குசினிச் சுவரோடு ஒட்டிய கீழ்ப்படுக்கையில் ஒரு பொம்மை கிடந்தது. ஆளளவு. தலையில் பந்தனக் கட்டு. ஒரு கண் மட்டும் வெளியே. மற்றப் படுக்கைகள் எல்லாம் வெறும் படுக்கைகள். அந்த ஒன்றில்தான் பொம்மை.

"அத்தான், இதுவோ?" என்றான் குணம்.

"ஓம். இதுதான்."

கிழவரிடம் பொம்மையை எடுக்கலாமா என்று கேட்கச் சொன்னேன். ஏன் என்றார். குணம் சொல்லத் தொடங்கினான். அக்கா என்கிற சொல் மட்டும் தமிழிலேயே வந்தது. முடிந்ததும் கிழவர் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பொம்மையின் தோளை அவர் பிடித்தார், காலை நான் பிடித்தேன். கனமே இல்லை. மற்றப் பக்கப் படுக்கையில் வைத்தோம்.

நான் படுக்கையின் ஓரத்தில் இருந்தேன். சுவரில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

குணம் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். "அக்கா எப்பிடிக் கிடந்தவ? இந்தப் பக்கமோ தலை?" பொம்மையின் தலை இருந்த பக்கத்தைத் தொட்டான்.

"இல்லை. எங்கடை கப்பலிலை அது வடக்கு. எங்கடை ஆக்கள் திருப்பித்தான் கிடத்துவினம். தலை அங்காலை. கால் இஞ்சை."

கால் இருந்த இடத்தைக் காட்டக் கை நீட்டினேன். சுவரில் ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தது. ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. நடுவில் சின்னக் குமிழ். பொம்மையின் தலையணைக்குப் பக்கத்தில், கை எட்டுகிற உயரத்தில்.

எங்களதிலும் அது இருந்திருக்க வேண்டும். பெயின்டுக்குள் ஒரு சின்னப் புடைப்பு. ஆணித்தலை என்று நினைத்திருப்பேன். நின்றுகொண்டு வேலை செய்கிறவனுக்கு அது தெரியாது. படுத்துக்கிடந்து தன் கால் பக்கத்தைப் பார்க்கிறவளுக்குத் தெரியும்.

"இது என்னெண்டு கேள்."

கிழவர் குனிந்து அதை அமத்தினார். சுவருக்கு அந்தப்பக்கம், குசினிக்குள், மணி அடித்தது.

குணம் தமிழாக்கவில்லை. தேவைப்படவில்லை.

பிறகு கிழவர் சொன்னார். காயக்காரர் தண்ணீருக்கு, கஞ்சிக்கு, ஆள் துணைக்குக் கூப்பிட இந்த மணி. எந்தப் படுக்கை என்று பலகையின் ஜன்னலில் தெரியும். இந்தக் கப்பலிலும் வயர் எல்லாம் அறுந்துபோய்க் கிடந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து அவரே புது வயர் இழுத்தாராம். "உங்கள் கப்பலில் அது எப்போதோ செத்திருக்கும். நீ கேட்டிருக்க முடியாது" என்றார். குணத்திடம் அதை இரண்டு தரம் சொன்னார். எனக்கு விளங்க வேண்டும் என்று.

எனக்கு விளங்கியது. அவள் கூப்பிட்டாளோ, நோவில் காலை ஆட்டினாளோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் நான் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். சட்டி இறக்குகிற சத்தம், நான் செருமுகிற சத்தம் எல்லாம் கேட்டிருக்கும்.

"அத்தான்" என்றான் குணம். "அக்கா உங்களைத்தான் கேட்டிருக்கிறா."

நான் எழும்பினேன். கையில் இன்னும் அகப்பை இருந்தது.

"குணம், நான் குசினிக்குப் போறன். போய் நிண்ட பிறகு நீ அதை அமத்து."

"கையாலையோ?"

"அக்கா மாதிரி."

அவன் சப்பாத்தைக் கழற்றினான். கிழவரைப் பார்த்தான். கிழவர் விலகி இடம் விட்டார். திங்கட்கிழமையில் ஒரு கறுத்த மனுசன் காலுறையோடு அவருடைய மியூசியப் படுக்கையில் ஏறி, தலைமாட்டில் காலை வைத்துப் படுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் உயர்ந்த வாசற்படியைத் தாண்டிக் குசினிக்குள் போனேன். அடுப்புக்கு முன்னால் என் இடத்தில் நின்றேன். சுவருக்கு முகம் காட்டி. அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அகப்பையைச் சரியாகப் பிடித்துக்கொண்டேன்.

மணி அடித்தது. பலகையில் ஒரு சின்ன ஜன்னலில் வெள்ளைத் தகடு விழுந்தது. திரும்ப அடித்தது. திரும்பவும்.

"ஓம், வாறன்" என்றேன்.

அகப்பையை அடுப்பில் வைத்துவிட்டுப் போனேன்.